தராசை ஹேக் பண்ணச் சொன்ன சித்தப்பா

பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பா கேட்டார். "ஏம்மா, நீ ஹேக்கராமே? அப்ப அந்தத் தேயிலை ஏஜென்ட்டோட தராச ஒரு தடவ ஹேக் பண்ணிக் குடேன்." பக்கத்து இலைக்காரர்கள் பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கோத்தகிரியில் ஒரு கல்யாண மண்டபம், வெளியே சாரல். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்காவது என் வேலை என்னவென்று தெரிந்துவிட்டது. தப்பாகத் தெரிந்துவிட்டது என்பதுதான் தொல்லை.

என் வேலை உடைத்துப் பார்ப்பது. கம்பெனிகள் காசு கொடுத்து, "எங்க மென்பொருள்ல எங்க ஓட்டை இருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எந்தத் தேதி வரை என்று கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருக்கும். அந்தத் தாள் இல்லாமல் ஒரு கீயைக்கூடத் தட்ட மாட்டேன். 2020 ஊரடங்கில் கோயம்புத்தூரிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மழை பலமானால் நெட் போகும், மரம் விழுந்தால் கரண்ட் போகும். மற்றபடி சுகம்தான்.

வந்த நாளிலிருந்து கோரிக்கைகளுக்குக் குறைவில்லை. மகளின் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டச் சொன்ன அத்தை. பிரிந்துபோன பெண்ணின் இன்ஸ்டாகிராம் கேட்ட பள்ளித் தோழன். 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு ஈ-பாஸ் என்று நீதிமன்ற உத்தரவு வந்ததும், சென்னையிலிருந்து ஓர் உறவினர் போன் போட்டு, "அத ஹேக் பண்ணி ஒண்ணு எடுத்துத் தர்றியா?" என்று கேட்டார். அந்த முதல் வருடம் பதிவு செய்த எல்லோருக்குமே சும்மா கிடைத்தது அது. கதவு திறந்திருக்கும் வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கச் சொல்கிறார் மனுஷன்.

இவர்களுக்கெல்லாம் "முடியாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். சித்தப்பாவுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் கேட்டது அடுத்தவர் வீட்டு ரகசியத்தை அல்ல. தன் தேயிலையின் எடையைக் கேட்டார்.

ரயில் பைத்தியங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'ஹேக்' என்ற இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திருடர்களிடமிருந்து வரவில்லை, விளையாட்டு ரயில் விடுகிறவர்களிடமிருந்து வந்திருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்கள் நடத்திய மாதிரி ரயில் கிளப் ஒன்று. மேஜைக்கு மேலே குட்டி ரயில் ஓடும். மேஜைக்கு அடியில் பழைய டெலிபோன் ரிலேக்களும் ஒயர்களும் காடாய்க் கிடக்கும். மேலே ஓடுவதை ரசிக்கிறவர்கள் ஒரு கூட்டம், கீழே படுத்துக்கொண்டு ஒயரை மாற்றுகிறவர்கள் இன்னொரு கூட்டம். 1955-ல் அந்தக் கிளப்பின் கூட்டக் குறிப்பில் ஒரு வேண்டுகோள் பதிவாகியிருக்கிறது: மின் இணைப்பில் 'ஹேக்' செய்கிறவர்கள் பியூஸ் போகாமலிருக்க மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செய்யவும். நோண்டுகிறவர்களைப் பார்த்து, கொஞ்சம் பார்த்து நோண்டுங்கப்பா என்று சொன்னது. அவ்வளவுதான். அந்த மேஜைக்கு அடியில் கிடந்தவர்களில் சிலர்தான் பிறகு கணினி அறைக்குள் புகுந்தார்கள். 1962-ல் பிடிபி-1 கணினியில் இரண்டு விண்கப்பல்கள் சுட்டுக்கொள்ளும் விளையாட்டை எழுதியதும் அந்த வட்டாரம்தான்.

ரயிலென்றதும் எனக்குக் குன்னூர் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. சின்ன வயதில் அப்பா என்னைக் குன்னூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், இன்ஜின் மாற்றுவதைக் காட்டுவார். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி இன்ஜின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். குன்னூருக்கு மேலே டீசல். எல்லோரும் புகையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் தண்டவாளத்துக்கு நடுவில் பார்ப்பேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் ஓடுகிறது. பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏறும் சரிவில் வெறும் சக்கரம் வழுக்கும். இன்ஜினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. அப்படியென்றால் சட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் சக்கரத்தின் பல் அதில் எப்படிச் சரியாக உட்காருகிறது? இந்தக் கேள்வி என்னை எத்தனையோ ராத்திரி தூங்கவிடவில்லை. பதிலை விட்டுவிடுங்கள். அந்தத் தூக்கம் வராமைதான் என்னுடைய ஆரம்பம் என்று நினைக்கிறேன்.

இந்தச் சொல் எப்போது கெட்டுப்போனது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் 1993-லேயே இணையத்துக்காரர்கள் தங்கள் சொல்லகராதியில் கொஞ்சம் ஆதங்கத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள்: ஓர் அமைப்பின் உள்வேலைகளை நெருங்கி அறிவதில் மகிழ்கிறவர் ஹேக்கர்; இழிவான பொருளில் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், அதற்குக் கிராக்கர் என்பதே சரி என்று. யாரும் கேட்கவில்லை. நம் நாட்டில் 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ம் பிரிவுக்கு ஹேக்கிங் என்றே தலைப்பு வைத்தது. வேடிக்கை என்னவென்றால், 2008 திருத்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'கணினி தொடர்பான குற்றங்கள்' என்று மாற்றிவிட்டார்கள். தண்டனை இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். சொல் மட்டும் இல்லை. சட்டம் விட்டுவிட்டது, கல்யாணப் பந்தி விடவில்லை. தமிழில் 'கொந்தர்' என்று ஒரு கலைச்சொல் உண்டு. கொந்துவது என்றால் குத்திக் குடைவது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் "எங்க பொண்ணு கொந்தர்" என்று அம்மா சொல்லிக் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

மலையைச் சாய்க்காமல்

ஹேக் என்றால் என்ன என்று யாராவது பொறுமையாகக் கேட்டால், முத்தொரைக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள ரேடியோ தொலைநோக்கி. 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், நீளவாக்கில் பிளந்த தகர டின்போல மலைச்சரிவில் படுத்திருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனபோது, இவ்வளவு பெரிய சாமானை ஏன் சமதளத்தில் வைக்காமல் சரிவில் கிடத்தினார்கள் என்று கேட்டேன். வானத்தில் ஒரு பொருளைச் சுலபமாகத் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால், பூமி சுற்றுகிற அச்சுக்கு இணையாகக் கருவியின் அச்சும் இருக்க வேண்டும். ஊட்டி பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. தெற்கு வடக்காக அதே 11 டிகிரி சரிவுள்ள ஒரு மலையைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். அரைக் கிலோமீட்டர் நீளக் கருவியைத் தூக்கிச் சாய்க்க வேண்டிய வேலையை மலை ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு விண்பொருளைப் பின்தொடரலாம்.

யாருடைய பூட்டையும் உடைக்கவில்லை. இருப்பதை இருக்கிறபடி உற்றுப் பார்த்தார்கள், அது எதற்கெல்லாம் ஆகும் என்று யோசித்தார்கள். இதையெல்லாம் பந்தியில் சித்தப்பாவுக்குச் சொன்னேன். பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டவர், "சரிம்மா, தராசு?" என்றார்.

இருபது பாக்கெட் உப்பு

எங்கள் ஊரில் ஆளுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை. காலையில் கிள்ளுவது; நாலு மணிக்கு ஏஜென்ட் பிக்கப்பில் வருவார்; இலை ஷெட்டில் கம்பத்தில் தொங்கும் டிஜிட்டல் தராசில் மூட்டையை மாட்டுவார்; சீட்டில் எழுதுவார். பாக்டரிக்குப் போய்விடும். அந்தத் தராசில் ரிமோட் இருக்கிறது என்பது ஊர் முழுக்க நம்பப்படும் சேதி. பாக்கெட்டுக்குள் கைவிட்டு பட்டனை அமுக்கினால் கிலோ குறையுமாம். நம்பாமலிருக்கவும் முடியாது, அப்படிப்பட்ட தராசுகளைப் பல ஊர்களில் பிடித்திருக்கிறார்கள். தாத்தா கண்டியிலிருந்து திரும்பி வந்தவர். அவர் காலத்திலும் இதே பேச்சுத்தான். "ஒரு கூடைக்கு ரெண்டு றாத்தல் புடிச்சுக்குவான் கணக்கப்புள்ள" என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறைச் சந்தேகம் எங்களுக்கு.

தராசைத் திறக்க முடியாது. அதில் ஈய முத்திரை இருக்கிறது. உடைத்தால் நான்தான் குற்றவாளி. ஆகவே வெளியிலிருந்து. ஆன்லைனில் 50 கிலோ தூக்கும் ஒரு கைத்தராசு வாங்கினேன். அதை நம்பலாமா என்று தெரிய, நிச்சயமான எடை வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நல்ல யோசனைதான், ஆனால் பிளாஸ்டிக் தடையால் எங்கள் மாவட்டத்தில் அது கிடைக்காது. மளிகைக் கடையில் ஒரு கிலோ உப்பு இருபது பாக்கெட் வாங்கி வந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்று மாட்டிப் பார்த்தேன். என் தராசு நேர்மையானது. நடுவில் ஒரு கிறுக்கு யோசனை: கீழ்நாட்டில் சரிசெய்த தராசு மலைமேல் வந்தால் எடை குறைத்துத்தானே காட்டும், உயரத்தில் புவியீர்ப்பு குறைவல்லவா? ஒரு சாயங்காலம் முழுக்கக் கணக்குப் போட்டேன். குறையும்தான், ஆனால் நூறு கிலோவுக்கு நூறு கிராமைத் தாண்டாது. ஏஜென்ட் தப்பித்தார், நியூட்டனும் தப்பித்தார்.

மறுநாள் எங்கள் வீட்டு இலையும் சித்தப்பா வீட்டு இலையும் சேர்த்து ஏழு மூட்டை. ஒவ்வொன்றையும் கட்டியவுடனே என் தராசில் நிறுத்து, நோட்டில் குறித்து, எது எதுவென்று எனக்கு மட்டும் தெரிய உள்ளே சிவப்பு நூல் முடிந்து, ஷெட்டில் மற்ற மூட்டைகளோடு கலந்து வைத்தேன். நாலு மணிக்கு ஏஜென்ட் வந்தார். அவருடைய டிஸ்பிளேயைப் பார்த்துக் குறித்தேன். 25.7 என்று நான் எழுதிய மூட்டை 25.3 காட்டியது. 26.2 இருந்தது 25.8. 24.9 இருந்தது 24.5.

உடம்பெல்லாம் சூடானது. வேலையில் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடிக்கும்போது வருமே, அதே சூடு. ஒரு கடையின் பில்லைத் திறக்கிறேன், முகவரிப் பட்டையின் கடைசியில் என் பில் எண் இருக்கிறது, அதில் ஒரு எண்ணைக் கூட்டிப் போடுகிறேன், யாரோ முன்பின் தெரியாதவரின் பில் அவருடைய போன் நம்பரோடு திறக்கிறது. நான் யாரென்று அந்த அமைப்பு கேட்டது, அந்தப் பில் என்னுடையதா என்று மட்டும் கேட்கவில்லை. அந்த நொடியில் நாற்காலியைவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் வருவேன். அன்றைக்கு நடக்கவில்லை. போனை எடுத்தேன். "சித்தப்பா, மாட்டிக்கிட்டான். மூட்டைக்கு நானூறு கிராம்."

ஏழு மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எட்டு மணிக்கு அது மூட்டைக்கு ஒரு கிலோவாகியிருந்தது.

இரவு சாப்பிட்டுவிட்டு நோட்டைத் திறந்து அழகாக ஓர் அட்டவணை போட உட்கார்ந்தேன். ஆறு மூட்டைகள் சொன்னபடி கேட்டன. ஏழாவது கேட்கவில்லை. கடைசியாக மூன்றரை மணிக்குக் கட்டியது, 14.2 கிலோ. ஏஜென்ட் தராசிலும் 14.2. பார்த்தும் பார்க்காததுபோல அதைக் கடைசி வரியில் எழுதி, பக்கத்தில் 'சின்ன மூட்டை' என்றும் குறித்துவிட்டேன். அப்படிக் குறித்த பேனாவைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. திருட்டுத் தராசு என்றால் சின்ன மூட்டையிலும் அதற்கேற்ற அளவு திருட வேண்டுமே? அது ஏன் விட்டுவைத்தது?

விடை தெரிந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. தேயிலை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கிள்ளிய இலை சும்மா இருக்குமா? வாடும். பாக்டரியில் காற்றடித்து வாடவிடுவதே முதல் வேலை. பதினோரு மணிக்குக் கட்டிய மூட்டை நாலு மணி வரை மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, தண்ணீரை இழந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஐந்து நாட்களும் ஏஜென்ட் வருவதற்குக் கால் மணி முன்னால் ஷெட்டிலேயே நிறுத்தேன். ஒரு மூட்டைகூட நூறு கிராமுக்கு மேல் வித்தியாசப்படவில்லை. தராசு உத்தமம்.

ராபர்ட் மோரிஸ் என்ற மாணவரை நினைத்துக்கொண்டேன். 1988 நவம்பர் 2-ம் தேதி ஒரு சின்ன நிரலை இணையத்தில் விட்டார். ஏற்கெனவே நுழைந்த கணினியில் மறுபடி நுழைய வேண்டாம் என்று வைத்த சோதனையை, யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்று பயந்து, ஏழில் ஒரு முறை கண்டுகொள்ளாமல் நுழையும்படி எழுதிவிட்டார். அந்த ஒரு வரிக் கணக்குத் தப்பால் ஆயிரக்கணக்கான கணினிகள் திணறி நின்றன. அமெரிக்காவின் கணினிக் குற்றச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டார், பிறகு எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரும் ஆனார். நான் விட்ட நானூறு கிராமும் அப்படித்தான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. அதைத் திரும்பக் கூப்பிட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றேன்.

சித்தப்பாவுக்குக் கோபம். "அப்ப தாத்தா காலத்துலேருந்து நாங்க சொல்றதெல்லாம் பொய்யா? நீ அவன் பக்கமா?" என்றார். தராசு சரி என்று சொன்னால் ஏஜென்ட் சரி என்று நான் சொல்வதாகவே அவருக்குக் கேட்டது. அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. எடை குறைகிறது என்று அவர் கைக்குத் தெரியும். முப்பது வருடம் தூக்கிய தோள் அது. எங்கேயோ குறைகிறது. தராசில் இல்லையென்றால் வேறெங்கே?

நோட்டையும் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டிஸ்பிளேயில் 25.8. சீட்டில் 24. முதலில் அந்த .8 போகிறது, "பாயிண்ட்டெல்லாம் எழுதறதில்லம்மா." அப்புறம் சாக்குக்கு ஒரு கிலோ கழிவு. இதை யாரும் மறைக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தலையாட்டியதுதான். என் தொழிலில் பெரும்பாலான ஓட்டைகளும் இப்படித்தான். யாரோ எப்போதோ அவசரத்துக்கு ஒரு விதி வைத்திருப்பார்கள், அது அங்கேயே இருக்கும். எல்லோரும் பூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த நாள் ஷெட்டில், பத்துக் காலிச் சாக்கைக் கட்டி ஏஜென்ட் அண்ணனிடமே கொடுத்தேன். "அண்ணே, இத உங்க தராசுலயே மாட்டுங்களேன்." மாட்டினார். 3.4. பத்துச் சாக்குக்கு அவர் கழிப்பது பத்துக் கிலோ. ஷெட்டில் ஒரு சத்தமில்லை. கொஞ்ச நேரம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எனக்குப் பாக்டரில அப்படித்தான் புடிக்கறாங்க தங்கச்சி, நான் என்ன பண்ண" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். பாயிண்ட்டும் சாக்கும் சேர்த்து மூட்டைக்குச் சராசரியாக ஒரு கிலோவுக்கு மேல் போகிறது. எட்டு மூட்டை போடுகிற வீட்டுக்கு ஒரு தடவைக்கு ஒன்பது கிலோ. அதைச் சிலேட்டில் எழுதி ஷெட்டில் மாட்டினோம். இரண்டு வாரம் வாக்குவாதம் நடந்தது. தொழிலாளர் துறையில் எடையளவுக்காரர்களிடம் எழுதிக் கொடுப்போம் என்று ஒரு பேச்சும் வந்தது. கடைசியில் சாக்குக் கழிவு அரைக் கிலோ ஆனது, பாயிண்ட்டும் சீட்டில் ஏறியது. மழை நாளில் 'தண்ணிக் கழிவு' மட்டும் இன்னும் அவர் கண்பார்வைதான். அதற்கு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஈர இலையையும் உலர்ந்த இலையையும் பக்கெட் பக்கெட்டாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பா இப்போதும் போகிற இடமெல்லாம், "எங்க அண்ணம் மக தராசையே ஹேக் பண்ணிட்டா" என்றுதான் சொல்கிறார். திருத்துவதை நிறுத்திவிட்டேன். என் உப்பு பாக்கெட்டுகளில் பத்தை வாங்கிப்போய் ஒரு சாக்கில் கட்டி ஷெட்டில் தொங்கவிட்டிருந்தார். தினமும் முதல் மூட்டைக்கு முன்னால் அதை மாட்டி, சாக்கின் எடை போகப் பத்துக் காட்டுகிறதா என்று பார்ப்பார். அக்டோபர் மழையில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, உப்பு ஈரத்த இழுக்குமே. கவர்ல ஓட்ட விழுந்திருந்தா எட கூடிப்போவாதா?"

மறுநாள் போய்ப் பார்த்தேன். உப்புச் சாக்கு இல்லை. அதே கொக்கியில், ஓடையிலிருந்து எடுத்து வந்த உருண்டைக் கல் ஒன்று கயிற்றில் தொங்கியது. அதன்மேல் நீலப் பெயிண்டில் 11.6 என்று எழுதியிருந்தது.